எண்ணுதல்

மாலை ஆறு மணிக்குக் கதவைப் பூட்டினார்கள்.
டூங்காபியில் ஒரு பள்ளி மண்டபம்.
மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் மேசைகளில்
முழங்கால் இடிக்க இருந்து
பெட்டிகளைக் கவிழ்த்துக் கொட்டினோம்.
என் விரலில் இன்னும் வெங்காய வாசம்,
மதியம் ஓடிப்போய் வாங்கித் தின்ற சொசேஜ்.

விரித்து, தட்டி, அடுக்கினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று.
சில ஏழுகள் இடுப்பில் கோடு கட்டியிருந்தன,
எந்த நாட்டுப் பள்ளியில் படித்த ஏழுகளோ.
ஒரு தாளில் நான்கை அழித்து
மறுபடி நான்கே எழுதியிருந்தது.
இடையில் நடந்த வாக்குவாதத்தை
அழிறப்பர் தின்றுவிட்டது.

இன்னொன்றில் எண்ணே இல்லை.
கட்டங்களுக்குக் குறுக்கே, முத்து முத்தாய்:
"பிரிந்தல் தெரு வடிகானை யாராவது வந்து பாருங்கள்."
செல்லாது, என்றாள் மேற்பார்வையாளர் ஹெதர்.
செல்லாதவற்றோடு வைத்தேன்.
அன்றிரவு நான் தொட்ட தாள்களில்
அது ஒன்றுதான்
காரணத்தையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தது.

வீட்டுக்கு வரப் பத்தரை.
தொலைக்காட்சியில் எங்கள் வட்டாரம் நிறம் மாறியிருந்தது.
"கன்பராவுக்கு விழுந்த அறை" என்றார் ஒருவர்.
"குப்பைத்தொட்டிக்கு நடந்த தேர்தல், அவ்வளவுதான்"
என்றார் மற்றவர்.
இருவருக்கும் நல்ல கோட்டு.

வியாழக்கிழமை டயர் மாற்றப் போனபோது
ஃபாடி சொன்னது நினைவுக்கு வந்தது.
பிறந்த ஊரின் மேல் குண்டு விழுகையில்
வாய் திறக்காத கட்சிக்குக்
கடைசி எண்தானாம்.
கவுன்சிலுக்கும் குண்டுக்கும் என்ன, என்று கேட்டேன்.
நட்டை முறுக்கியபடியே சொன்னான்:
"இந்த மாதம் என் கையில் தந்த தாள் இதுதானே."

பக்கத்து வீட்டு டொரீனுக்கோ
கன்பரா என்பது குளிர்கால வானிலை அறிக்கை.
இரண்டு கிழமைக்கு ஒருமுறை குப்பை எடுத்தால்
இறால் கோது நாறும், அவ்வளவுதான் அவள் அரசியல்.
சங்கீர்த்தனனுக்கு அதுவும் இல்லை.
தண்டப்பணம் ஐம்பத்தைந்து டொலருக்குப் பயந்து வந்து
மேலிருந்து கீழாக இலக்கமிட்டுவிட்டுக்
கிரிக்கெட்டுக்கு ஓடினான்.
மூவரும் ஒரே கட்டில் அடங்கியிருக்கலாம்,
ஒரே ரப்பர் வளையத்துக்குள்.

தமிழில் எண்ணு என்றால்
கணக்கிடவும் வேண்டும், நினைக்கவும் வேண்டும்.
முதலாவதற்கு எங்களுக்கு
மணித்தியாலச் சம்பளம்.
இரண்டாவதைத் தொலைக்காட்சியில் செய்கிறார்கள்
தாளைத் தொடாமலே.

என் வாக்கையே எடுங்கள்.
முற்கூட்டியே போட்டுவிட்டேன்.
அக்காவின் மகனுக்கு மூன்றாம் முறையும் வீசா இல்லை,
கோபம் பென்சில் முனைவரை வந்து நின்றது.
ஆனால் ஞாயிறும் நூலகம் திறப்பேன் என்று
மழைக்குள் நின்று சொன்னாளே ஒருத்தி,
அவள் அந்தக் கோபத்துக்குரிய கட்சிக்காரி.
அவளுக்கு ஒன்று போட்டேன்.
கோபத்துக்கு இரண்டாம் எண்.
அறை விழுந்ததாகச் சொன்னாரே,
அந்தக் கையில் நான் இல்லை.
ஆனால் கன்பராவைத் தடவிக் கொடுத்த கையிலும்
நான் இல்லையே, ஐயா.

திங்கள் காலை வேலைக்குப் போகும் வழியில்
பிரிந்தல் தெருவால் திரும்பினேன்.
உண்மைதான். வடிகான் வாய்வரை
வாட்டில் பூவும் பிளாஸ்டிக்கும்,
வீதிக்கு ஏறிய தண்ணீரில்
ஒரு மைனா குளித்துக்கொண்டிருந்தது.

காரை ஓரங்கட்டிக் கவுன்சிலுக்கு அழைத்தேன்.
நீங்கள் அந்தத் தெருவா, என்றார்கள்.
இல்லை.
பிறகு ஏன், என்று கேட்கவில்லை.
எட்டு இலக்கத்தில் ஓர் எண் தந்தார்கள்.
எழுதிக்கொண்டேன்.